பதினேழாம் எண் சீட்டு

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். இவருக்கு மட்டும் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மிரட்டிக் கணக்குச் சொல்லித்தருகிற மனுஷன், சொட்டு மருந்துப் புட்டியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை சௌக்கியமா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். போன் செய்தால் என் பெண் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள். உங்கள் ஊரில் நடந்த கல்யாணத்தன்று நாம் இருவரும் "சாப்பிட்டீங்களா" என்று நாலு முறை கேட்டுக்கொண்டதோடு சரி. எல்லை தாண்டிப் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன். அவளோடு ஒரே வீட்டில் இருக்கிற உங்களோடு நான் நேராகப் பேச வேண்டாமா?

ஒரு சந்தோஷச் செய்தி. துணிக்கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டேன். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். என்ன தொழிற்சாலை தெரியுமா? குடை! நானும் உங்கள் தொழிலுக்கே வந்துவிட்டேன். தைத்து வரும் குடையை விரித்து, மடக்கி, தையலும் கம்பியும் சரியா என்று பார்த்து அனுப்புவதுதான் என் வேலை. மூன்று ஷிப்டும் ஓடுகிறது. எங்கள் அரசாங்கம் எங்கள் பணத்தின் மதிப்பை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருப்பதால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் சரக்கு மலிவாம். அதனால்தான் இத்தனை வேலை என்கிறார் இவர்.

பெண்ணுக்கு மூன்றாம் மாதம். ஆகஸ்ட் கடைசியில் பிரசவத்துக்கு நான் அங்கே இருப்பேன். சேர்ந்த அன்றே மானேஜரிடம் லீவு சொல்லிவிட்டேன். "இன்னிக்குத்தானேம்மா சேந்தீங்க?" என்று விழித்தார்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

*

பிப்ரவரி 28

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். அனைவரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மருமகளுக்குக் காலையில் குமட்டல் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் நன்றாகச் சாப்பிடுகிறாள். மருத்துவர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்.

புது வேலைக்கு வாழ்த்துகள். நிற்கிற வேலையென்றால் காலுக்கடியில் ஒரு அட்டையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். தரையின் குளிர் ஏறாது.

இங்கே பட்டறை நடக்கிறது.

அங்கே எந்த மாதிரிக் குடை செய்கிறார்கள்? ஒரு பெட்டிக்கு எத்தனை? எந்த ஊருக்குப் போகின்றன? காரணம் ஒன்றுமில்லை, தொழில்காரியின் ஆவல்தான்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

*

மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலம், மாப்பிள்ளை நலம், என் பெண்ணின் நலம் அறிய ஆவல். நீங்கள் சொன்ன மாதிரி அட்டை போட்டுக்கொண்டேன். இப்போது எங்கள் வரிசையில் பதினோரு பெண்களும் அட்டை மேல்தான் நிற்கிறோம். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்கள். "எங்க சம்பந்தி. இருபத்திரண்டு பேரை வச்சு வேலை வாங்கற முதலாளியம்மா" என்று பெருமையாகச் சொன்னேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மூன்றாக மடங்கும் குடை. கறுப்பும் கருநீலமும். பெட்டிக்கு நாற்பத்தெட்டு. போன வாரம் பெட்டிகள் லாரியில் ஏறும்போது மேலே அச்சடித்திருந்த ஊர்ப் பெயரைப் படித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உங்கள் ஊர்! என் கைபட்ட குடை என் பெண் இருக்கிற ஊருக்குப் போகிறது. கடைத்தெருவில் பார்த்தால் கைப்பிடியின் கயிற்றில் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். பதினேழு என்று இருந்தால் அது நான் பார்த்து அனுப்பியது, அதுதான் என் எண். உங்கள் ஊர்ப் பணத்தில் இரண்டு டீ விலைகூட வராதாம். இத்தனை மலிவாக எப்படிக் கட்டுப்படியாகிறதோ!

ஆனால் எங்களுக்கு எல்லாம் மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய் வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை ஏறிவிட்டது. இவருடைய சொட்டு மருந்தும் அப்படித்தான். சம்பளம் கூடியிருக்கிறது, பை மட்டும் பழையபடியே பாதி காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. "அதெல்லாம் இருக்கட்டும், என் கண்ணு இப்ப நல்லாத்தான் இருக்கு" என்கிறார் இவர்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

*

மே 2

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கொஞ்சம் வேலை. மருமகள் நலம். குழந்தை உதைக்கத் தொடங்கிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும்தான் உதைக்கிறது, பசியாறிய பிள்ளை போல.

பதினேழாம் எண் குடையைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒன்று வாங்கினேன். பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தோம். எங்களிடம் இருபது வருஷமாகக் கம்பி கோக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெயரே கம்பிக்காரர்தான். அவர் எட்டுக் கம்பியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "குத்தம் சொல்ல ஒண்ணுமில்லம்மா" என்றார். தையல் நேராக இருக்கிறது. நீங்கள் கவனமாகப் பார்க்கிறீர்கள்.

நான் துணிக்கும் கம்பிக்கும் மட்டும் கொடுக்கும் விலையைவிட, அந்த முழுக் குடையின் விலை குறைவு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

*

மே 17

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் மண்டையில் ஏறியது. நான் எத்தனை பெரிய மடச்சி! உங்களுக்குப் பெருமையாகப் பெட்டிக் கணக்கு எழுதினேனே. படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம பணத்தோட நிஜ எடை ஒரு கிலோன்னு வச்சுக்கோ. வெளியாள்கிட்ட அதை முக்கால் கிலோன்னு சொல்லிக் குடுக்கறோம். அவனுக்கு நம்ம குடை மலிவு. நமக்கு அவன் மருந்து கிராக்கி. அந்தக் கால் கிலோ எங்க போச்சு? பாதி உன் எண்ணெயில போச்சு. பாதி அந்தம்மாவோட பட்டறையில போச்சு."

"அப்ப நான் வேலையை விட்டுடறேன்."

"நீ விட்டா நாளைக்கே பதினேழாம் நம்பர்ல இன்னொருத்தி நிப்பா. குடை நிக்காது."

அவர் சொல்வது சரிதான். ஆனாலும் நேற்று முழுக்க ஒவ்வொரு குடையை விரிக்கும்போதும் உங்கள் முகம்தான் தெரிந்தது.

ஒளிக்காமல் சொல்லுங்கள். பட்டறையில் இப்போது எத்தனை பேர்? மாப்பிள்ளை கடைகளுக்குச் சரக்கு போடப் போகிறாரா? என் பெண்ணிடம் கேட்டால் "எல்லாம் நல்லாயிருக்கும்மா" என்று பாட்டுப் பாடுகிற மாதிரிச் சொல்கிறாள். அவள் அப்படிச் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பெற்றவளுக்குத் தெரியாதா?

பதிலுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் சம்பந்தி

*

ஜூன் 11

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வாராந்திர ரயில் நின்றுவிட்டதால் தபால் விமானத்தில் எந்தெந்த நாட்டையோ சுற்றிக்கொண்டு வருகிறதாம். அதனால்தான் தாமதம் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் பணத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்து ஏமாற்றுகிறோம் என்று உங்கள் அரசாங்கம் எங்கள் சரக்குக்கெல்லாம் வரி போட்டது. எங்கள் அரசாங்கம் உங்கள் சரக்கை நிறுத்தியது, ரயிலையும் நிறுத்தியது. உடனே உங்களவர்கள் விசாவை நிறுத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் மணலை வாரி இறைத்துக்கொள்கிற மாதிரி! என் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மேலே ஒரே வரி: "மறு அறிவிப்பு வரை இல்லை."

என் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். முதல் பிரசவம். எனக்கு அவள் பிறந்தபோது பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்றரை நாள் வலி. அவள் கஷ்டப்படும்போது நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பேப்பரில் படித்தேன், வரி போடச் சொல்லி உங்கள் ஊர் வியாபாரிகள்தான் மனு கொடுத்தார்களாம். கையெழுத்துப் போட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்கள் வீட்டில் பிள்ளை பெறுகிற பெண்கள் கிடையாதா?

தொழிற்சாலையில் ஷிப்ட் கொஞ்சம் மாறியிருக்கிறது. மற்றபடி நலம்.

உங்கள் சம்பந்தி

*

ஜூன் 24

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன.

அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றாவது பெயர் என்னுடையது.

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேரை ஜனவரியிலிருந்து ஒவ்வொருவராக அனுப்பினேன். ஒவ்வொருவரிடமும் நானேதான் சொன்னேன், மகனைச் சொல்ல விடவில்லை. பட்டன் தைக்கிற பெண் ஒருத்தி, "நான் சம்பளத்தைக் குறைச்சுக்கறேன்கா" என்றாள். சம்பளமே கொடுக்காமல் தைத்தாலும் அந்த விலைக்கு விற்க முடியாது என்று அவளுக்கு எப்படி விளக்குவது? ஆறு தையல் இயந்திரங்களை விற்றேன். உங்கள் மாப்பிள்ளை இப்போது ஒரு மருந்துக் கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறான். உங்களிடம் சொல்லக்கூடாது என்று மருமகளுக்கு நான்தான் கட்டளை போட்டேன். அவள் மேல் கோபப்படாதீர்கள்.

ஏப்ரலில் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கூடினார்கள். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தது உங்கள் பெண். காகிதம் என் முன்னால் வந்தபோது அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குச் சரி என்று தோன்றியது. இன்றைக்கும் தப்பு என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. ரயிலை நிறுத்துவார்கள், உங்களை நிறுத்துவார்கள் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கவில்லை.

வரி வந்ததும் இரண்டு வாரம் ஆர்டர் குவிந்தது. மூன்றாம் வாரம் துணி தீர்ந்தது. நான் வாங்குகிற துணியும் உங்கள் நாட்டிலிருந்துதான் வருகிறது. குடைக்குப் போட்ட வரி துணிக்கும் விழுந்தது. இப்போது ஆர்டர் இருக்கிறது, தைக்கத் துணி இல்லை.

விசா அலுவலகத்துக்கு மூன்று நாள் போனேன். மூன்றாம் நாள் ஜன்னலில் இருந்தவர் கேட்டார்:

"யாருக்கும்மா?"

"சம்பந்திக்கு."

"சம்பந்திக்காகவா மூணு நாளா நிக்கறீங்க?" என்று சிரித்துவிட்டு, என் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினார். "வரி போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நீங்கதானே?"

"அதுவும் நான்தான். இதுவும் நான்தான்" என்றேன்.

விசா மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். கர்ப்பிணியின் தாய்க்கு விலக்கு உண்டு, ஆனால் ரயில் ஓடினால்தான் ஏதும் நடக்கும் என்றார்.

நீங்கள் என் மேல் கோபப்படலாம். ஆனால் ஒன்று மட்டும் உறுதி. நீங்கள் வர முடியாமல் போனால், பிரசவ அறை வாசலில் நான் இருப்பேன். ஒரு நிமிஷம்கூட நகர மாட்டேன்.

தங்கள் சம்பந்தி

*

ஜூலை 15

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மடித்து அலமாரியில் புடவைக்கு அடியில் தள்ளிவிட்டு இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் பதின்மூன்று பேரையும் நீங்களே நேரில் கூப்பிட்டுச் சொன்னதை நினைத்துக்கொண்டேன். எங்களை அனுப்பியபோது மானேஜர் சுவரில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆமாம், ஷிப்ட் மாறியிருக்கிறது என்று நான் எழுதியது பொய். ஜூன் முதல் வாரமே எங்கள் வரிசையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டிகள் கிடங்கில் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன.

வீட்டிலும் ஒரு பொய் பிடிபட்டது. இவர் "கண்ணு நல்லாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, சொட்டு மருந்தை ஒரு நாள் இடது கண்ணுக்கு, மறுநாள் வலது கண்ணுக்கு என்று மிச்சம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்! புட்டி ஒரு மாதத்தில் தீராமல் இரண்டு மாதம் வந்ததில் எனக்குச் சந்தேகம். "கணக்கு வாத்தியார்கிட்டயே கணக்கு கேக்கறியா?" என்றார். பிடித்துத் திட்டிவிட்டு அழுதேன். பிறகு இரண்டு கண்ணிலும் நானே விட்டேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாவதாக இல்லை, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். வயிறு எரிகிறது என்று எழுதியதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு நாட்டு மந்திரிகளும் உட்கார்ந்து பேசுகிறார்களாம். இவர் வானொலிக்கு முன்னாலேயே தவம் கிடக்கிறார். நான் பெட்டியைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி

*

ஆகஸ்ட் 6

சம்பந்தியம்மாவுக்கு,

மருமகள் நலம். கால் வீக்கம் மட்டும் இருக்கிறது. மருத்துவர் இந்த நேரத்தில் அப்படித்தான் என்கிறார்.

நேற்றுச் செய்தி கேட்டிருப்பீர்கள். உங்கள் அரசாங்கம் பணத்தின் மதிப்பைப் படிப்படியாக ஏற விடச் சம்மதித்திருக்கிறது. இங்கே துணி வரியை எடுத்துவிட்டார்கள், குடை வரியைப் பாதியாக்கிவிட்டார்கள். ரயில் இருபதாம் தேதியிலிருந்து. கம்பிக்காரர் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நம்ம குடை அவங்க குடையைவிடக் கொஞ்சம்தாம்மா ஜாஸ்தி. அந்தக் கொஞ்சத்தைக் குடுக்க ஆளிருக்கு" என்றார். நான் பட்டறைக்குள் போய், யாரும் பார்க்காத இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

உங்கள் விசா அனுமதி இத்துடன் இருக்கிறது. முதல் ரயிலிலேயே ஏறுங்கள். பிரசவத் தேதி முன்னே பின்னே ஆகலாம் என்கிறார்கள்.

தங்கள் சம்பந்தி

*

செப்டம்பர் 21

அன்புள்ள சம்பந்திக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். இவர் நலம்; என்னைவிடப் பேத்தியின் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பெண்ணும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? மூன்று வாரம் உங்களோடு இருந்துவிட்டு வந்ததில் இந்த வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அந்த ரயிலை என்னால் மறக்கவே முடியாது. முதல் ரயில் என்பதால் எல்லையில் ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்பது மணி நேரம்! நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். காலையில் உங்கள் போன் வந்தது. ஆறு மாதமாக "தங்கள் சம்பந்தி" என்று எழுதின அந்த அம்மா எடுத்த எடுப்பில் கத்தினார்கள்:

"எங்கடி இருக்கே? வலி வந்துடுச்சு. உன்னைத்தான் கேக்கறா. சீக்கிரம் வா!"

என் அம்மாவுக்குப் பிறகு என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டது நீங்கள்தான். அத்தனை பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த டிக்கெட் பரிசோதகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் பிற்பகலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடி வந்தபோது, அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தீர்கள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. வீங்கின முழங்காலோடு அத்தனை நேரம்! "ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க. இந்தா, பிடி. எனக்குக் கை மரத்துப் போச்சு" என்று குழந்தையை என் கையில் வைத்தபோது நான் குழந்தையைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் அழுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

தொழிற்சாலை திறந்துவிட்டது. மூன்று ஷிப்ட் இல்லை, ஒன்றரைதான். நெருக்கிப் போட்டதில் எனக்கும் இடம் கிடைத்தது. பதினோரு பேரில் நாலு பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்களைத் தெருவில் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறேன். சொட்டு மருந்து விலை இறங்கியிருக்கிறது. இப்போது இரண்டு கண்ணுக்கும் தினமும். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "வெளியூர்ச் சரக்கு இப்ப நமக்குக் கட்டுப்படியாகுது. உங்க சம்பந்தி பட்டறையில மரக் கைப்பிடியும் செய்யறாங்களாமே?" என்று கேட்டார். "விலையைப் பத்தி நீங்களே அவங்ககிட்ட பேசிக்குங்க. கறாரான அம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
நான்

*

அக்டோபர் 10

அடியே,

நலமா? அண்ணன் கண் எப்படி? இங்கே தாயும் பிள்ளையும் நலம். பிள்ளை பகலெல்லாம் தூங்குகிறது, அதன் இஷ்டத்துக்குத்தான் இந்த வீடு நடக்கிறது.

உன் மானேஜர் கடிதம் எழுதியிருந்தார். அவர் கேட்ட விலைக்கு முடியாது என்று எழுதினேன். மறு கடிதத்தில் நான் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டார். பட்டன் தைக்கிற பெண்ணையும் இன்னும் ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். மற்றவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சிலரை இன்னும் கூப்பிட முடியவில்லை. உன் மாப்பிள்ளை வண்டி வேலையிலேயே இருக்கிறான். அது அவனுக்குப் பிடித்திருக்கிறதாம், இத்தனை நாள் என்னிடம் சொல்ல பயந்தானாம்.

ஜனவரியில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகனும் மருமகளும் உன் வீட்டுக்கு வருகிறார்கள். டிக்கெட் எடுக்கப் போன மகன் கவுன்டரிலிருந்து போன் செய்து, "அம்மா, உனக்கும் எடுக்கட்டுமா?" என்றான். வழக்கம்போல் "பட்டறையை யார் பாக்கறது?" என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் கம்பிக்காரர் துணியை அளந்துகொண்டே, "நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்கம்மா" என்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஊரைவிட்டுக் கிளம்புகிறேன். எனக்கு ஒரு கட்டில் போட்டு வை. பத்து நாள் இருப்பேன்.

உன் சம்பந்தி